சிங்கப்பூர் – நியூயார்க்: கிலோமீட்டர் ஒண்ணு சொல்லும், கடிகாரம் வேற சொல்லும்

ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்வளவு தூரம், ஃப்ளைட்ல எத்தனை மணி நேரம்னு நெட்ல தேடினா உடனே ரெண்டு நம்பர் வந்து நிக்கும். அந்த மணி நேரக் கணக்கு பல சைட்ல எப்படி வருதுன்னா, தூரத்த எடுத்து 800 இல்லன்னா 900ஆல வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணி நேரம் சேத்துப் போட்டுடறாங்க, அவ்ளோதான். சென்னை–டெல்லி மாதிரி தூரத்துக்கு இது ஓரளவு ஒத்துப் போயிடும். ஆனா பாதி உலகத்தத் தாண்டிப் போற ஃப்ளைட்டுக்கு இந்த வகுத்தல் கணக்கு சுத்தமா உதவாது. ஏன்னு சொல்றதுக்கு சிங்கப்பூர்–நியூயார்க் ரூட்ட விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. நடுவுல எங்கயும் இறங்காம தினசரி ஓடற பயணிகள் ஃப்ளைட்ல உலகத்துலயே நீளமான ரூட் இதுதான், அதனால சின்ன ரூட்ல கண்ணுக்குத் தெரியாத விஷயமெல்லாம் இதுல பெருசாத் தெரியும்.

முதல்ல தூரம். இத நீங்களே ஒரு பேப்பர்ல போட்டுப் பாக்கலாம், அவ்வளவு அழகா அமைஞ்சிருக்கு இந்த ரெண்டு ஊரும். சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட் கிழக்கு தீர்க்கரேகை 104 டிகிரி கிட்ட இருக்கு, நியூயார்க் ஜே.எஃப்.கே. ஏர்போர்ட் மேற்கு 74 கிட்ட. ரெண்டையும் கூட்டுங்க, 178. அதாவது கிட்டத்தட்ட 180, தீர்க்கரேகைக் கணக்குல மட்டும் பாத்தா பூமி உருண்டையோட நேர் எதிர் பக்கங்கள்ல ரெண்டு ஊரும் உக்காந்திருக்கு. அப்படி இருந்தா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற குறுக்கு வழி வட துருவத்துக்குப் பக்கத்துலயே போகும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்க ஒண்ணேகால் டிகிரி சொச்சம், அங்கிருந்து துருவம் ஏறத்தாழ 88.6 டிகிரி. நியூயார்க் 40.6 டிகிரில இருக்கு, துருவத்துல இருந்து அங்க இறங்க 49.4. மொத்தம் 138 டிகிரி. பூமி மேல ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் சொச்சம், பெருக்கினா 15,300 சொச்சம் வருது. சரியான நம்பர் 15,350 கி.மீ. கிட்ட. பெரிய ஃபார்முலா எதுவும் வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் போதும்.

சுவத்துல மாட்டற தட்டையான உலக மேப்ப மட்டும் பாத்துப் பழகினவங்களுக்கு இது நம்பவே முடியாம இருக்கும், ஏன்னா அதுல சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க்குக்கு ஸ்கேல் வச்சு கோடு போட்டா அது பாட்டுக்கு இந்தியா, அரேபியா, அட்லாண்டிக்னு குறுக்கால ஓடும். வீட்டுல குளோப் இருந்தா ஒரு நூல எடுத்து ஒரு முனைய சிங்கப்பூர்ல வச்சு இன்னொரு முனைய நியூயார்க்ல வச்சு இழுத்துப் பிடிங்க. நூல் தானா வழுக்கி மேல போயி, சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் பனி, கனடான்னு ஏறி இறங்கும். குழந்தைங்க இருக்கற வீட்டுல இத ஒரு தடவ செஞ்சு காட்டினா போதும், ஜாக்ரஃபி புக்ல பத்து பக்கம் படிக்கிறதவிட நல்லாப் புரியும்.

ஆனா இந்த 15,350ங்கற தூரத்த அந்த ஃப்ளைட் வழக்கமாப் பறக்கறதே இல்ல.

2018 அக்டோபர்ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த ரூட்ட மறுபடி ஆரம்பிச்சப்ப (அப்ப நியூயார்க்குக்குப் பக்கத்துல இருக்கற நெவார்க் ஏர்போர்ட்டுக்கு, ஜே.எஃப்.கே. 2020 நவம்பர்ல சேந்தது) அவங்களே அறிவிச்ச தூரம் சுமார் 16,700 கி.மீ., நேரம் 18 மணி 45 நிமிஷம். குறுக்கு வழிய விட ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல ஜாஸ்தி. சென்னையிலேருந்து மும்பை போற தூரத்த விட அதிகம் அது. ஒரு சொட்டு எரிபொருளுக்கும் கணக்குப் பாக்கற ஏர்லைன்ஸ்காரங்க எதுக்கு இவ்வளவு சுத்திப் போறாங்க?

பதில் காத்து. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்துல மேற்குலேருந்து கிழக்குப் பக்கமா ஓயாம ஓடற ஒரு காத்து ஆறு இருக்கு, ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க. பூமத்திய ரேகைப் பக்கம் இருக்கற சூடான காத்துக்கும் துருவத்துப் பக்கம் இருக்கற குளிர்ந்த காத்துக்கும் உள்ள வித்தியாசமும், பூமி சுத்தறதும் சேந்து அத உண்டாக்குது. சாதாரணமா மணிக்கு 100, 150 கி.மீ. வேகம், குளிர்காலத்துல வித்தியாசம் கூடும்போது 300ஐயும் தாண்டும். இதுல ஜப்பானுக்கு மேல ஓடறது ரொம்ப பலமானது. 1920கள்ல வாசபுரோ ஒய்ஷின்னு ஒரு ஜப்பானிய வானிலை விஞ்ஞானி பலூன் பறக்க விட்டு, அதத் தொடர்ந்து கண்காணிச்சு இந்தக் காத்த அளந்து வச்சிட்டாரு. உலகத்துல எல்லாரும் படிக்கணும்னு, எல்லா நாட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு உருவாக்கின எஸ்பெராண்டோ மொழியில வேற அத எழுதினாரு பாவம், அதனாலயே யாரும் பெருசாக் கண்டுக்கல. அப்புறம் 1944ல அமெரிக்காவோட பி-29 விமானங்கள் ஜப்பான் மேல அந்த உயரத்துல பறந்தப்பதான், காத்து தள்ளின தள்ளுல குண்டெல்லாம் குறி தப்பி விழுந்து, மேல என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு உறைச்சுது. இவ்வளவு பெரிய விஷயத்த இருபது வருஷம் முன்னாடியே ஒருத்தர் பொறுமையா அளந்து எழுதி வச்சிருந்தாருங்கறது நினைக்க நினைக்க மனசுக்கு என்னவோ பண்ணுது, அந்தப் பேரு இன்னும் நிறைய பேருக்குத் தெரியணும்.

விமானம் தரையில ஓடற வண்டி இல்லையே, அது காத்துக்குள்ள போகுது. காவேரில வெள்ளம் வர்றப்ப பரிசல் போடறவர் எவ்வளவு துழாவினாலும், ஆத்து ஓட்டத்தோட போனா ஒரு வேகம், எதுத்துப் போனா வேற வேகம், துழாவற கை ஒண்ணுதான். அதே மாதிரி இந்த ரூட்ல ஓடற ஏ350 விமானம் காத்துக்குள்ள மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்துல போகும், அது பெருசா மாறாது. கூட ஓடற காத்து 100 கி.மீ. இருந்தா தரையக் கணக்குல வச்சுப் பாக்கும்போது 1,000, எதிர்க்காத்து 100 இருந்தா 800. சீட்டுக்கு முன்னாடி இருக்கற ஸ்க்ரீன்ல மேப் போட்டுப் பாத்தீங்கன்னா கிரவுண்ட் ஸ்பீடுன்னு ஒண்ணு ஓடிட்டே இருக்கும், பக்கத்துலயே டெயில் விண்டா (பின்காத்து) ஹெட் விண்டான்னும் (எதிர்க்காத்து) போட்டிருக்கும். படம் பாத்து சலிச்சவங்க ஒரு மணி நேரம் அதயே பாக்கலாம். ஜப்பானத் தாண்டி பசிபிக் மேல ஏறும்போது அந்த நம்பர் 1,000, 1,100ன்னு ஏறறது நல்லாத் தெரியும்.

இப்ப கணக்க மறுபடி போடுவோம். துருவத்து வழியா 15,350 கி.மீ. போறப்ப வழி நெடுக சராசரியா 60 கி.மீ. எதிர்க்காத்து இருக்குன்னு வைங்க. 840ஆல வகுத்தா 18 மணி 15 நிமிஷம் கிட்ட வருது. பசிபிக் வழியா 16,700 கி.மீ. சுத்திப் போனா சராசரியா 60 கி.மீ. பின்காத்து கிடைக்குதுன்னு வைங்க, 960ஆல வகுத்தா 17 மணி 25 நிமிஷம். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் அதிகமாப் பறந்தும் ஐம்பது நிமிஷம் முன்னாடி வந்தாச்சு, எரிபொருளும் மிச்சம். 60ங்கறது நான் கணக்குக்காக எடுத்த நம்பர்தான், நிஜத்துல காத்து தினமும் மாறும், அதனால ஏர்லைன்ஸ்ல இருக்கற டிஸ்பேச்சர்கள் ஒவ்வொரு நாளும் அன்னிக்கு உள்ள காத்து ரிப்போர்ட்ட வச்சு அன்னிக்குள்ள பாதையப் போடறாங்க. நேத்து போன அதே ஃப்ளைட் நம்பர் இன்னிக்கு பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகலாம்.

இன்னொரு விஷயமும் இந்த ரூட்டுக்குச் சாதகமா இருக்கு. ரெண்டு ஊர் எதிரெதிர்ப் பக்கத்துக்குப் போகப் போக எந்தத் திசையில கிளம்பினாலும் தூரத்துல பெரிய வித்தியாசம் வராது. சரியா நேர் எதிர்ல, அதாவது 20,000 கி.மீ. தள்ளி இருக்கற புள்ளிக்கு எல்லாத் திசையும் சம தூரம்தான். சிங்கப்பூர்–நியூயார்க் அதுல முக்கால் பங்கு தூரத்துக்கு மேல, அதனால பசிபிக் பக்கம் போனாலும் சரி, அட்லாண்டிக் பக்கம் போனாலும் சரி, ஒம்பது பத்து சதவீதம்தான் கூடுது. இதுல என்ன ஆகுதுன்னா, போறப்ப ஜப்பான், அலாஸ்கா பக்கமா கிழக்க போற ஃப்ளைட், திரும்பறப்பவும் பல நாள் நியூயார்க்ல இருந்து கிழக்கதான் கிளம்புது, அட்லாண்டிக்கத் தாண்டி ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா பக்கமா சிங்கப்பூர் வந்து சேருது. ரெண்டு பக்கமும் காத்தோட ஓட்டத்துலயே பயணம். போயிட்டு வந்தவங்க உலகத்தயே ஒரு முழுச் சுத்து சுத்தி வந்திருப்பாங்க, பாதி பேருக்கு அது தெரியாமலே இருக்கும்.

போறப்ப காத்து உதவினா வர்றப்ப எதிர்க்கும், ரெண்டும் சேந்து சரியாப் போயிடும்தானேன்னு பல பேர் நினைக்கறாங்க. சரியாப் போகாது. 9,000 கி.மீ. ஊருக்கு 900 வேகத்துல காத்தே இல்லாம போயிட்டு வந்தா 20 மணி நேரம். 100 கி.மீ. காத்து இருந்தா போறப்ப 9 மணி, வர்றப்ப 11 மணி 15 நிமிஷம், ஆக மொத்தம் கால் மணி நேரம் நஷ்டம். எதிர்க்காத்துல நாம அதிக நேரம் மாட்டிக்கறோம்ல, அதான் காரணம். அதனாலதான் ரெண்டு பக்கமும் வேற வேற வழி போட முடியற ரூட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

இந்தக் காத்து எவ்வளவு தூரம் விளையாடும்ங்கறதுக்கு ரெண்டு உதாரணம் சொல்றேன். 2020 பிப்ரவரியில சியாரா புயல் நேரத்துல பிரிட்டிஷ் ஏர்வேஸோட 747 ஒண்ணு நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துடுச்சு. வழக்கமா ஆறரை மணி ஆகற ரூட். தரைக்கணக்குல மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல போச்சு, ஆனா ஒலி வேகத்த அது தாண்டல, ஏன்னா காத்துக்குள்ள அதோட வேகம் எப்பவும் போலதான் இருந்துச்சு. ரெண்டாவது நம்ம ஏர் இந்தியா. டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாப் போயிட்டு இருந்தவங்க 2016 அக்டோபர்ல பசிபிக் வழியாப் போனாங்க. தூரம் 13,900 கி.மீ.ல இருந்து 15,300 ஆச்சு, நேரம் மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மணி குறைஞ்சு பதினாலரை மணிக்கு வந்துடுச்சு.

காத்த விட்டா அடுத்த பிரச்சனை எரிபொருள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த ரூட்ட முதல்ல ஆரம்பிச்சது 2004ல, நாலு இஞ்சின் உள்ள ஏ340-500 விமானத்துல. பதினெட்டு மணி நேரத்துக்கு வேணும்ங்கற எரிபொருள மொத்தமா ஏத்திக்கிட்டுக் கிளம்பணும், அப்ப முதல் சில மணி நேரம் எரியற எரிபொருள்ல ஒரு பங்கு கடைசி சில மணி நேரத்துக்குத் தேவையான எரிபொருளச் சுமக்கவே செலவாகும். நாலு இஞ்சின் வேற. எண்ணெய் விலை ஏற ஏறத் தாங்கல, 2008ல வெறும் 100 பிசினஸ் கிளாஸ் சீட்டா மாத்திப் பாத்தாங்க, அதுவும் சரிப்படாம 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டே இஞ்சின்ல இந்தத் தூரம் போற ஏ350-900 யு.எல்.ஆர். (ரொம்ப நீளமான தூரத்துக்குன்னே செஞ்ச மாடல்) வந்ததும்தான் மறுபடி உயிர் வந்துச்சு. சாதாரண ஏ350-900ல 1,41,000 லிட்டர் பிடிக்கற இடத்துல இதுல 1,65,000 லிட்டர். எடையக் குறைக்கணும்னு மொத்தமே 161 சீட்டு, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதா எகானமியே கிடையாது, டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்குன்னு கேக்கறவங்களுக்கு பாதி பதில் அதுல இருக்கு.

அப்புறம் வானத்துக்கும் பார்டர் இருக்கு. 2022 பிப்ரவரிக்கு அப்புறம் ரஷ்யா தன் வான்வெளிய ஐரோப்பிய ஏர்லைன்ஸுக்கு மூடினதுல ரொம்ப அடி வாங்கினது ஃபின்னேர், ஹெல்சிங்கியிலேருந்து டோக்கியோவுக்கு ஒம்பதரை மணியில போயிட்டு இருந்தவங்க பதிமூணு மணி நேரம் பறக்க வேண்டியதாப் போச்சு, வட துருவத்துக்கு மேலயே பறந்தாங்க சில சமயம். ஊரு ரெண்டும் இருந்த இடத்துலதான் இருக்கு, ஒரு கிலோமீட்டர் கூட நகரல. அதே மாதிரி 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் வான்வெளி இந்திய ஏர்லைன்ஸுக்கு மூடினப்ப டெல்லியிலேருந்து வட அமெரிக்கா போற ஏர் இந்தியா ஃப்ளைட்டுகள் வியன்னா, கோபன்ஹேகன் மாதிரி ஊர்ல இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டுப் போச்சு. வயசான அப்பா அம்மாவ அமெரிக்காவுக்கு அனுப்பி வச்சவங்களுக்கு அந்தக் கூடுதல் மணி நேரம் எவ்வளவு கவலையக் குடுத்திருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

டிக்கெட்ல போடற நேரம் எதுன்னும் ஒரு வார்த்த சொல்லிடறேன். அது பறக்கற நேரம் மட்டும் இல்ல. கேட்ல இருந்து விமானம் நகர்ற நிமிஷத்துல இருந்து, போய்ச் சேந்த ஊர்ல கேட்ல நிக்கற வரைக்கும் உள்ளது, பிளாக் டைம்னு சொல்வாங்க. ஜே.எஃப்.கே. மாதிரி நெரிசலான ஏர்போர்ட்ல ரன்வேக்குப் போய்ச் சேரவே அரை மணி நேரம் ஆகும், அதெல்லாம் இதுல அடங்கும். லேட்டானாலும் சமாளிக்கட்டும்னு கொஞ்சம் தாராளமாவும் போட்டிருப்பாங்க. அரை மணி லேட்டாக் கிளம்பின ஃப்ளைட் கரெக்ட் டைமுக்கு இறங்கறது இதனாலதான்.

மணிய வச்சுக் குழம்பறவங்க நிறைய. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல அங்க கடிகாரத்த ஒரு மணி பின்னால வைக்கறதால 13. சிங்கப்பூர்ல திங்கட்கிழம ராத்திரி பன்னெண்டு மணி தாண்டி, அதாவது செவ்வாய் பொறந்ததும் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தா, கோடையில நியூயார்க்ல செவ்வாய்க்கிழம காலையில ஆறரை. ராத்திரி தூங்கி எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும். திரும்பறப்ப நேர் எதிர். திங்கட்கிழம ராத்திரி பத்து மணிக்கு நியூயார்க்ல ஏறினா, 18 மணி 45 நிமிஷம் கழிச்சு சிங்கப்பூர்ல புதன்கிழம விடியக்காலம் நாலே முக்கால். நடுவுல இருந்த செவ்வாய்க்கிழம மொத்தமும் விமானத்துக்குள்ளயே போயிடும். மருந்து மாத்திரை வேளா வேளைக்குப் போடறவங்க, குறிப்பா இன்சுலின் போடறவங்க, ரெண்டு ஊர்க் கடிகாரத்தயும் நம்பாம எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எண்ணித்தான் போடணும், போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கறது நல்லது.

சென்னையிலேருந்து நியூயார்க் போறவங்களுக்கு இந்த சிங்கப்பூர் ரூட் எப்படின்னா, தூரக் கணக்குல நல்லா இல்ல. சென்னை–நியூயார்க் குறுக்கு வழி சுமார் 13,500 கி.மீ. துபாய் வழியாப் போனா சென்னை–துபாய் 2,900 சொச்சம், அங்கிருந்து 11,000, மொத்தம் 14,000க்குள்ள முடிஞ்சிடும், கூடுதல் ஐநூறு கிலோமீட்டர் கூட இல்ல. சிங்கப்பூர் வழியாப் போனா முதல்ல 2,900 கி.மீ. கிழக்க போயி, அப்புறம் 15,350, மொத்தம் 18,000ஐத் தாண்டுது. துபாய்–நியூயார்க் பதினாலு மணி நேரம் ஆகும், ஆனாலும் மொத்தத்துல நாலு மணி நேரத்துக்கு மேல மிச்சம்தான். நடுவுல உறவுக்காரங்க வீட்டுல ரெண்டு நாள் தங்கிட்டுப் போறவங்களுக்கு வேணா சிங்கப்பூர் சரி. பொதுவா ரூட் தேடும்போது கிலோமீட்டரப் பாக்காதீங்க, மொத்த மணி நேரத்தப் பாருங்க, அதுவும் போக ஒரு நேரம், வர ஒரு நேரம்னு தனித்தனியா, எந்த மாசம் போறீங்களோ அந்த மாசத்து டைம் டேபிள்ல.

இந்த ரூட்டோட சாதனையும் ரொம்ப நாள் நிக்கப் போறதில்ல. ஆஸ்திரேலியாவோட குவான்டாஸ், சிட்னியிலேருந்து லண்டனுக்கு 17,000 கி.மீ. நிக்காமப் போக ஏ350-1000 விமானங்கள ஆர்டர் பண்ணி வச்சிருக்காங்க. அதுக்கு முன்னோட்டமா 2019ல மூணு சோதனை ஃப்ளைட் விட்டாங்க, அதுல முதல் ரெண்ட மட்டும் பாருங்க. அக்டோபர்ல நியூயார்க்ல இருந்து சிட்னிக்கு 16,200 கி.மீ., மேற்குப் பக்கமா, ஆச்சு 19 மணி 16 நிமிஷம். நவம்பர்ல லண்டன்ல இருந்து சிட்னிக்கு 17,800 கி.மீ., கிழக்குப் பக்கமா. ரெண்டுக்கும் ஒரே மாடல் 787 விமானம்தான். 1,600 கி.மீ. அதிகமாப் பறந்த அந்த ரெண்டாவது ஃப்ளைட்டுக்கு ஆன நேரம் 19 மணி 19 நிமிஷம்.